வேலூர் வக்கீல் ஹபீபுல்லா சாஹிப்

கொட்டாம்பட்டியில் பஸ் ஏறி, மேலூரைத் தாண்டி, மதுரையை நெருங்கும்போது ஒத்தக்கடைக்கு அருகே உயர் நீதிமன்றக் கிளை வரும். 2004-ஆம் ஆண்டு ஜூலையில் அது திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் வந்த பிறகு நம் பக்கத்து வீடுகளில் பிள்ளையைச் சட்டம் படிக்க வைத்தால் என்ன என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கூடவே இரண்டு தயக்கங்களும் எழுகின்றன. வக்கீல் தொழிலில் பொய் கலக்காமல் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. படித்து முடித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போனால், சர்க்காருக்கு ஆளாகிவிட்டவன் சமுதாயத்துக்கு ஆவானா என்பது மற்றொன்று. இவை நியாயமான தயக்கங்களே. புத்திமதி சொல்லி இவற்றைப் போக்கிவிட முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு பிறக்கலாம்.

அந்த மனிதர் மர்ஹூம் கான் பகதூர் ஸர் முஹம்மது ஹபீபுல்லா சாஹிப் அவர்கள். சென்னை தியாகராய நகரில் ஹபீபுல்லா சாலை என்று ஒன்று இருப்பதைப் பலரும் அறிவார்கள். நடிகர் சங்கம் இருக்கும் சாலை என்று சொன்னால் சட்டென்று விளங்கும். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னையில் அவர்கள் பிறந்தார்கள். ஆற்காட்டு நவாபு வமிசத்தோடு உறவுடைய குடும்பம். நவாபு என்றதும் பல்லக்கும் படையும் நினைவுக்கு வரும். ஆனால் 1855-இல் கடைசி நவாபு ஆண் வாரிசின்றி மறைந்ததுமே கும்பினியார் அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஹபீபுல்லா சாஹிப் பிறந்த காலத்தில் அந்தக் குடும்பங்களிடம் மிஞ்சியிருந்தது பழைய பெருமை மட்டுமே. ஆங்கிலப் படிப்பு ஆகாது என்று நம்மவர் ஒதுங்கியிருந்த காலம் அது. கச்சேரி உத்தியோகங்களெல்லாம் பிறர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நாளில் இவர்கள் சைதாப்பேட்டை ஜில்லா உயர்நிலைப் பள்ளியில் படித்து, சட்டமும் பயின்று, 1888-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வக்கீலாகப் பதிவு பெற்றார்கள். அப்போது பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை.

தொழில் நடத்திய ஊர் வேலூர். திப்பு சுல்தானின் மக்கள் சிறை வைக்கப்பட்ட கோட்டையும், 1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த மைதானமும் அங்கேதான். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவும் அதே ஊரில்தான். ஒரு பக்கம் மார்க்கக் கல்வி, இன்னொரு பக்கம் கோர்ட்டு. அந்தச் சூழலில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வக்கீலாக இருந்தார்கள்.

பிறகு அவர்கள் செய்த காரியம் இந்தக் காலத்துப் பெற்றோருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். 1895-லிருந்தே வேலூர் முனிசிபாலிடியின் காரியங்களில் சம்பளமில்லாமல் ஈடுபட்டு வந்தவர்கள், 1901-இல் அதன் செயலாளர் உத்தியோகத்தையே ஏற்றுக்கொண்டார்கள். கட்சிக்காரர் வந்து கைகட்டி நிற்கும் வக்கீல் நாற்காலியை விட்டுவிட்டுச் சாக்கடைக் கணக்கும் தெருவிளக்குக் கணக்கும் பார்க்கப் போவதா? ஆனால் ஊர் நடக்கும் விதத்தை அங்கேதான் கற்க முடியும். குடிநீர், குப்பை, சந்தை, அம்மைக்குத்தல், பிறப்பு இறப்புப் பதிவு, ஆரம்பப் பள்ளிக்கூடம், வீட்டு வரி என்று எல்லாம் முனிசிபாலிடியின் தலையில்தான். வரி கேட்டால் ஊர் திட்டும், வரி வாங்காவிட்டால் தண்ணீர் வராது. 1905-இல் சேர்மனாகி, 1919 வரை பதினான்கு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். இடையில் 1909 முதல் 1912 வரை சென்னைச் சட்டசபை உறுப்பினர் பதவியும் வந்தது. பின்னால் வைஸ்ராயின் சபையில் உட்கார்ந்த அறிவெல்லாம் இந்த முனிசிபல் ஆபீசில் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம்.

1920-இல் சென்னைக் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினரானார்கள். இது என்ன பதவி என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரட்டை ஆட்சி என்ற ஏற்பாடு அப்போது வந்தது. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் போன்ற இலாகாக்கள் தேர்தலில் வென்று வந்த மந்திரிகளிடம் இருந்தன. போலீஸ், நிலவரி, நிதி போன்றவை கவர்னர் கையிலேயே இருக்கும். அவருக்குத் துணையாக நியமனம் பெற்று அந்த இலாகாக்களை நடத்துபவர்கள் நிர்வாக சபை உறுப்பினர்கள். சட்டசபை இவர்களைக் கேள்வி கேட்கலாம், நீக்க முடியாது. அதாவது, மக்கள் கொடுத்த பதவியல்ல, கவர்னர் கொடுத்த பதவி.

அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நம் சமுதாயம் மறந்திருக்காது. துருக்கிக் கிலாபத்தைச் சிதைக்கிறார்களே என்று முஸ்லிம்கள் கொதித்துக் கிடந்தார்கள். 1920 ஆகஸ்டில் காந்தியாரும் மௌலானா ஷௌகத் அலியும் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார்கள். பட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள், கோர்ட்டை விடுங்கள், சர்க்கார் உத்தியோகத்தை உதறுங்கள் என்பது அழைப்பு. எத்தனையோ வக்கீல்கள் கறுப்பு அங்கியைக் கழற்றினார்கள். சென்னை மாகாணத்துக் கிலாபத் தலைவர் யாகூப் ஹஸன் சேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதானார். அதே ஆண்டு மலபாரில் கலகம் மூண்டது. நவம்பரில், திரூரிலிருந்து மூடிய ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் 70 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. அந்த மாகாண சர்க்காரில் ஹபீபுல்லா சாஹிப் ஒரு உறுப்பினர். பதவியை அவர்கள் விடவில்லை.

இதைச் சொல்லாமல் தாண்டிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களின் வரலாறு எழுதும்போது இப்படிப்பட்ட இடங்களில் வேகமாக நடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கலீபா மன்சூர் கொடுத்த காஜி பதவியை ஏற்க மறுத்துச் சிறை சென்றார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களோ ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக அமர்ந்து, குடிகளிடம் வரி வாங்குவதில் நீதி எது என்று கலீபாவுக்கே நூல் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் இரு வழி சென்றார்கள். இருவரையும் நாம் இமாம் என்றே அழைக்கிறோம். அந்த மகான்களோடு இவரை ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சிக்குள் போவதா, வெளியே நிற்பதா என்ற கேள்வி பழையது என்பதற்காகச் சொன்னேன். உள்ளே போனவர் அங்கே என்ன செய்தார் என்றுதான் அடுத்துக் கேட்க வேண்டும்.

1923-இல் லீ பிரபுவின் தலைமையில், உயர்தர உத்தியோகங்களைப் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. அதில் ஹபீபுல்லா சாஹிபும் ஓர் உறுப்பினர். ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் நூற்றுக்கு 40 இடம் ஐரோப்பியருக்கு, 40 இடம் நேரடித் தேர்வில் இந்தியருக்கு, மீதி 20 மாகாண உத்தியோகத்திலிருந்து உயர்த்தப்படும் இந்தியருக்கு என்று 1924-இல் அது சிபாரிசு செய்தது. வெள்ளையர் சம்பளத்தையும் சலுகைகளையும் கூட்டச் சொன்னதால் தேசியவாதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பொதுத் தேர்வாணையம் வேண்டும் என்று அந்தக் கமிஷன் வற்புறுத்தியது வீண்போகவில்லை. 1926 அக்டோபரில் தில்லியில் அது அமைந்தது. 1929-இல் சென்னை மாகாணத்துக்கும் தனியாக ஒன்று வந்தது. இன்று நம் பிள்ளைகள் கொட்டாம்பட்டியிலும் மேலூரிலும் விளக்கு வைத்துப் படித்து எழுதும் தேர்வுகளின் மூலம் அங்கே இருக்கிறது.

1925-இல் வைஸ்ராயின் நிர்வாக சபைக்குப் போனார்கள். கல்வி, சுகாதாரம், நிலம் மூன்றும் சேர்ந்த இலாகா. கடல் கடந்த இந்தியரின் காரியமும் அதற்குள் அடக்கம். அவர்கள் வாழ்நாளின் பெரிய வேலை அங்கேதான் காத்திருந்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்காக 1860-இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து போயிற்று. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களில் வட ஆற்காட்டு ஜில்லாக்காரர் ஏராளம். வேலூரில் சேர்மனாக இருந்தவருக்கு இந்த ஊர்களெல்லாம் தெரிந்த ஊர்கள். கூலிகளின் பின்னே வியாபாரிகளும் போனார்கள். அவர்களில் குஜராத்தி முஸ்லிம்கள் அதிகம். அப்படிப் போன தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காகத்தான் 1893-இல் காந்தி என்ற இளம் வக்கீல் அங்கே கப்பலில் வந்து இறங்கினார். அந்த வழக்கையும் இரு தரப்பாரையும் பேச வைத்து மத்தியஸ்தத்தில்தான் முடித்தார் என்பதை வக்கீலாகப் போகும் பிள்ளைகள் மனத்தில் வைக்கலாம்.

ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்களுக்குத் தலைவரி மூன்று பவுன் போட்டார்கள். போராட்டத்துக்குப் பின் 1914-இல் அது நீங்கிற்று. ஆனால் 1925-இல் வேறொரு மசோதா வந்தது. இந்தியர் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம், இன்ன இடத்தில்தான் கடை வைக்கலாம், நிலம் வாங்கலாம் என்று எல்லை கிழிக்கும் மசோதா. அது சட்டமாகிவிட்டால் இரண்டு தலைமுறையாகக் கட்டிய வீடும் கடையும் பறிபோகும். பிழைக்க வழியில்லாமல் தாமாகவே கப்பலேறிவிடுவார்கள் என்பதே அங்குள்ளவர்களின் கணக்கு. உள்துறை மந்திரி டாக்டர் மாலன் அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர். பாதிரியாராக இருந்து அரசியலுக்கு வந்த மனிதர்.

இந்தியாவிலிருந்து முதலில் ஒரு குழு போய் நிலைமையைப் பார்த்து வந்தது. பிறகு தென்னாப்பிரிக்கப் பார்லிமெண்டுக் குழு ஒன்று இங்கே வந்து சுற்றிப் பார்த்தது. ஆண்ட்ரூஸ் பாதிரியார் இரண்டு தேசங்களுக்கும் நடுவே ஓயாமல் அலைந்து வழி செய்தார். கடைசியில் வட்டமேஜை மாநாடு என்று முடிவாயிற்று. மசோதா அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டது. இந்தியத் தரப்புக்குத் தலைவர் ஹபீபுல்லா சாஹிப். கார்பெட், ரைட் ஆனரபிள் சீனிவாச சாஸ்திரியார், ஸர் பிரோஸ் சேத்னா, ஸர் டார்ஸி லிண்ட்ஸே, ஸர் ஜார்ஜ் பாடிஸன் ஆகியோர் உறுப்பினர்கள். பாஜ்பாய் செயலாளர். ஒரு முஸ்லிம், ஒரு பிராமணர், ஒரு பார்ஸி, வெள்ளைக்காரர் மூவர் எல்லாரும் ஒரே மேஜையில் நேட்டால் கூலிக்காரனுக்காக உட்கார்ந்தார்கள். நிறத்தைக் காட்டி மனிதனை ஒதுக்கும் ஒரு நாட்டில், அந்த நாட்டு மந்திரிக்குச் சமமாக எதிரே உட்கார்ந்து பேசும் தலைமை ஒரு தென்னிந்திய முஸ்லிமின் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேப்டவுன் நகரில் 1926 டிசம்பர் 17-ஆம் நாள் மாநாடு தொடங்கியது. ஜனவரி இரண்டாம் வாரம் வரை நடந்தது. முடிவுகள் 1927 பிப்ரவரி 21-இல் இரண்டு நாட்டுச் சட்டசபைகளிலும் ஒரே நாளில் வெளியாயின. எல்லை கிழிக்கும் மசோதா கைவிடப்பட்டது. அங்கே நிலைத்துவிட்ட இந்தியர் அந்நாட்டு மக்களில் ஒரு பகுதியே, அவர்கள் கல்வியிலும் வாழ்விலும் பின்தங்கிவிடாமல் உயர்த்துவது சர்க்காரின் கடமை என்று தென்னாப்பிரிக்கா ஒப்புக்கொண்டது. அங்குள்ளவர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழி பிறந்தது. இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் அங்கே இருப்பார் என்றும் ஆயிற்று. முதல் ஏஜெண்டாகச் சாஸ்திரியாரே போனார்.

கொடுத்தது என்ன? தாமாக விரும்பி ஊர் திரும்புவோருக்குப் பெரியவருக்கு 20 பவுன், பிள்ளைக்கு 10 பவுன், இலவசக் கப்பல் பிரயாணம் என்ற திட்டத்துக்கு இந்தியா இசைந்தது. திரும்பி வருவோரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்றது. காந்தியார் குறைகளைச் சுட்டிக்காட்டினாலும், மானத்தோடு செய்துகொண்ட சமரசம் என்றே இதை வரவேற்றார்.

வக்கீல் கண்ணோடு பார்த்தால் இது நல்ல ராஜிதான். எதிரி முழுதும் ஒப்புக்கொள்ளாத வழக்கில், கட்சிக்காரரின் வீடு பறிபோகாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ராஜியின் விலையை யார் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். இருபது பவுனை வாங்கிக்கொண்டு சென்னையில் இறங்கியவர்களில் பலர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஊர் தெரியாது. சாதி சனம் சேர்த்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த பணம் கரைந்தது. 1931-இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்களுடைய துன்பத்தை நேரில் விசாரித்து எழுதிய பிறகுதான் நாட்டுக்கு முழு விவரமும் தெரிந்தது. மேஜையில் எழுதிய ஷரத்து சரியாக இருந்தும், கரையில் நின்று கைகொடுக்க ஆளில்லாமல் போயிற்று.

இதே இலாகாவில்தான் இலங்கை, மலாயாத் தோட்டத் தொழிலாளர் காரியமும் இருந்தது. நம் பக்கத்துக்கு இது தூரத்துச் செய்தியல்ல. பெரியாற்று நீர் மேலூர் வயல்களுக்கு வந்தும், கொட்டாம்பட்டியைச் சுற்றிய மேட்டு நிலங்களின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. மழை தவறினால் கங்காணி வருவான். தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாம் வழியாகக் கண்டிக்குப் போன கதை மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த ஆள்சேர்ப்பு இந்திய சர்க்காரின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. கண்டியிலும் கோலாலம்பூரிலும் ஏஜெண்டுகள் இருந்தார்கள். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1927-இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஹபீபுல்லா சாஹிப் இலாகாவை வைத்திருந்த காலம் அது.

ஹஜ்ஜுப் பயணிகளின் காரியமும் இந்த இலாகாவுக்கு வந்தது. போகும்போது டிக்கட்டு வாங்கிப் போய், திரும்பக் காசில்லாமல் ஜித்தாவில் தவித்த ஏழை ஹாஜிகள் அந்நாளில் ஏராளம். திரும்பும் டிக்கட்டையோ அதற்கான பணத்தையோ முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்று 1925-இல் சட்டம் திருத்தப்பட்டது. பயணிகளின் கஷ்டங்களை விசாரிக்க 1929-இல் ஹஜ் விசாரணைக் கமிட்டி அமைந்தது. அதைத் தொடர்ந்துதான் 1932-இல் துறைமுக ஹஜ் கமிட்டிச் சட்டம் வந்தது. இன்றைய ஹஜ் கமிட்டிகளுக்கு அவைதாம் முன்னோடி.

1929-இல் விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் ஹபீபுல்லா சாஹிபே இருந்தார்கள். அதே ஆண்டு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக் கூட்டத்துக்கு இந்தியக் குழுவின் தலைவராகச் சென்றார்கள். அதற்குமுன் அந்தக் குழுவுக்கு இந்தியர் எவரும் தலைமை தாங்கியதில்லை. 1930-இல் வைஸ்ராய் சபையிலிருந்து விலகினார்கள்.

ஓய்வு நிலைக்கவில்லை. 1934-இல் திருவிதாங்கூர் திவான் பதவிக்கு அழைப்பு வந்தது. இந்து சாஸ்திர முறைப்படி நடக்கும், ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணமான ராஜ்யம் அது. முஸ்லிம் ஒருவர் அங்கே திவானாக வந்தது புதுமை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் அப்போது அந்த ராஜ்யத்தில் இருந்ததால், தக்கலை, திருவிதாங்கோடு முஸ்லிம்களும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டவர்களே.

அங்கே ஒரு பெரிய சச்சரவு காத்திருந்தது. ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமுதாயத்தாரும் ஜனத்தொகையில் அதிகமிருந்தும், சொத்துக்கேற்ற ஓட்டு என்ற விதியால் சட்டசபையிலும், பழக்கத்தால் உத்தியோகத்திலும் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். மூவரும் சேர்ந்து தேர்தலைப் புறக்கணித்தார்கள். 1935-இல் அவர்களுடைய தலைவர் சி. கேசவன், கோழஞ்சேரியில் பேசிய பேச்சுக்காக ராஜத்துரோகம் என்று கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கைது நடந்தது ஹபீபுல்லா சாஹிபின் ஆட்சியில். அதே ஆட்சியில்தான் கேட்டவற்றில் பெரும்பகுதியும் கிடைத்தது. உத்தியோக நியமனத்துக்கு 1935-இல் தனிக் கமிஷனர் நியமிக்கப்பட்டு, ஒதுக்கப்பட்ட சமுதாயங்களுக்கும் பங்கு வகுக்கப்பட்டது. 1936-இல் ஓட்டுரிமைக்கான சொத்துத் தகுதி குறைக்கப்பட்டு, சட்டசபையில் இடங்களும் ஒதுக்கப்பட்டன. லீ கமிஷனில் 1923-இல் பார்த்த அதே கேள்விதான்: சர்க்கார் நாற்காலியில் யார் உட்காருவது? சிறையில் கிடந்த கேசவனுக்குப் பாதிப் பெருமை, நாற்காலியில் இருந்த திவானுக்குப் பாதிப் பெருமை என்று பங்கு பிரிப்பார்கள் சிலர். எனக்கென்னவோ முக்கால் பங்கு கேசவனுக்குத்தான் என்று தோன்றுகிறது. கதவைத் தட்டுகிறவன் இல்லாமல் உள்ளே இருப்பவர் எழுந்து வருவது அபூர்வம். ஆனால் தட்டும்போது திறக்கக்கூடிய ஒருவர் உள்ளே இருந்ததும் உண்மை.

1936-இல் அவர்கள் விலக, அக்டோபரில் ஸர் சி.பி. ராமசாமி ஐயர் திவானானார். அடுத்த மாதமே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து புகழ் முழுவதும் புதிய திவானைச் சேர்ந்தது. இவர்கள் பெயர் பின்னுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாடு விடுதலையாகி ஓராண்டுகூட நிறையாத 1948 மே மாதம், தம் 78-ஆம் வயதில் ஹபீபுல்லா சாஹிப் அவர்கள் மறைந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அதே மே மாதத்தின் கடைசி வாரத்தில் தென்னாப்பிரிக்காவில் பொதுத்தேர்தல் நடந்தது. கேப்டவுனில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் செய்த அதே டாக்டர் மாலன் வென்று பிரதம மந்திரியானார். நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1927-இல் தடுத்து நிறுத்தப்பட்ட அந்த எல்லைக் கோடு 1950-இல் இன்னும் கடுமையான வடிவில் சட்டமாயிற்று. 1991-இல் அந்தச் சட்டம் நீக்கப்படும் வரை, நேட்டாலில் பிறந்த தமிழரின் வீடுகளும் கடைகளும் அந்தக் கோட்டுக்கு உட்பட்டே கிடந்தன.